கடையில் வாங்கிய நகை சில வாரங்களிலேயே பழுதாகிவிட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லைக் காட்டி, பணம் தர மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

நகையை ரிப்பேருக்கென்று இன்னும் கடையில் கொடுக்கவில்லைதானே? என்ன பழுது என்று எழுதி வாங்காமல் கொடுக்காதீர்கள். நான் கொடுத்துவிட்டு முழித்தவன்.

18 காரட் கைச்சங்கிலி. ஏழாவது வாரம் அறுந்தது. கடையில் இருந்தவர் கையில் வாங்கிய மாத்திரத்தில், "எங்கேயோ மாட்டி இழுத்திருக்கீங்க சார்" என்றார். தூக்கத்தில் இழுத்திருப்பேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கொடுத்துவிட்டு வந்தேன். பற்றவைத்து, பாலிஷ் போட்டு, பளபளவென்று தந்தார்கள். அறுந்த இடம் எப்படி இருந்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் பாலிஷோடு போயிற்று. ரசீதில் 'சர்வீஸ்' என்ற ஒற்றைச் சொல்தான். ஐந்து வாரம் கழித்து, இரண்டு வளையம் தள்ளி மறுபடி அறுந்தது.

இந்த முறை நேரே கடைக்குப் போகவில்லை. முதலில் போட்டோ எடுத்தேன், நல்ல வெளிச்சத்தில், கிட்டத்தில். பிறகு அந்தக் கடையோடு சம்பந்தமில்லாத ஒரு பத்தரிடம் போனேன். பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தார். இழுபட்டு அறுந்திருந்தால் பக்கத்து வளையங்கள் கொஞ்சமாவது நீண்டு கோணியிருக்கும், இங்கே ஒன்றும் கோணவில்லை என்றார். அறுந்த வாயில் பற்றாசு (வளையங்களைப் பற்றவைக்க உருக்கி ஊற்றும் உலோகம்) முழுதாக ஓடாமல், ஊசி முனையளவு ஓட்டைகள் இருந்தன. இதை எழுதித் தருவீர்களா என்றேன். அடுத்தவர் வேலையைப் பற்றி எழுதுவதில் அவருக்குச் சங்கடம். ஆனாலும் தேதி, எடை, கையெழுத்தோடு அரைப் பக்கம் எழுதித் தந்தார்.

அந்த அரைப் பக்கத்துக்கு ஏன் அவ்வளவு மதிப்பு? பழுது வாங்கும்போதே இருந்ததா, நாம் உண்டாக்கியதா என்பதில்தான் எல்லாக் கடையும் நம்மை மடக்கும். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். ரிப்பேருக்கு ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதன் பிறகு என்றால் ரிப்பேர் அல்லது மாற்றுப் பொருளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அதுவும் சரிப்படவில்லை என்றால் பணம் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் தலைகாட்டும் பழுதை, வாங்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. சிங்கப்பூரிலும் 2012 முதல் இதே ஆறு மாதக் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தது ஓராண்டு. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், பணம் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. நீங்கள் குடியிருக்கும் ஊரின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

ஆக, பில்லின் அடியில் அச்சடித்த அந்த வரிக்குப் பயப்படாதீர்கள். மனம் மாறித் திருப்பிக் கொடுப்பவருக்கு வேண்டுமானால் அது பொருந்தலாம். பழுதான பொருளுக்கு, மேலே சொன்ன எந்த நாட்டிலும் அந்த ஒரு வரியைக் காட்டித் தப்பிக்க முடியாது.

அடுத்து இரண்டு தூண்டில் வரும். ஒன்று, "பணம் முடியாது, வேறு நகை எடுத்துக்குங்க". இன்னொன்று இன்னும் நயமானது: பழைய தங்கம் போல எடை போட்டு, செய்கூலியும் சேதாரமும் கழித்து, மீதியைத் தருகிறோம் என்பார்கள். அது உங்களிடமிருந்து நகையை விலைக்கு வாங்குவது. நீங்கள் கொடுத்ததைத் திருப்பித் தருவது அல்ல. இரண்டுக்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான் எழுதிய கடிதம் ஒரு பக்கம்கூட வராது. என்ன வாங்கினேன், என்றைக்கு, எப்போது அறுந்தது, ரிப்பேர் ஒரு முறை நடந்தது, பத்தர் என்ன எழுதினார், எவ்வளவு பணம் வர வேண்டும், 14 நாள் அவகாசம், தவறினால் எங்கே புகார் செய்வேன். கோபமாக ஒரு வார்த்தை இல்லை (முதல் வரைவில் நிறைய இருந்தது, மனைவி அதையெல்லாம் கோடு போட்டு நீக்கிவிட்டாள்). பில், அறிக்கை எல்லாம் நகல்தான், அசலைக் கொடுக்கவில்லை. பதினோராவது நாள் பணம் வந்தது, செய்கூலி உட்பட. மன்னிப்பெல்லாம் வரவில்லை.

கார்டில் வாங்கியிருந்தால் வங்கியிடமும் 'சார்ஜ்பேக்' கேளுங்கள், அதாவது கடைக்குப் போன பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது. பெரும்பாலும் 120 நாள் போன்ற ஒரு கெடு இருக்கும், அதனால் கடைக்காரர் "அடுத்த வாரம் வாங்க" என்று இழுத்தடிப்பதை நம்பி உட்காராதீர்கள்.

பழுது என்னவென்று நீங்கள் எழுதாததால் இதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைத் தங்க மோதிரம் மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்தால் அது பெரும்பாலும் மேலே பூசிய ரோடியம் என்ற வெள்ளை உலோகம் தேய்ந்ததுதான்; வருடக்கணக்கில் போட்ட பிறகு அதற்காகச் சண்டைக்குப் போனால் தோற்பீர்கள். முத்து சென்ட் பட்டு மங்கியதும் அப்படியே. கல் விழுந்திருந்தால் அதைப் பிடித்திருந்த கம்பிகளை லென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள்: வளைந்திருக்கிறதா, ஆரம்பத்திலேயே குட்டையாக வெட்டியிருக்கிறதா என்று. நீச்சல் குளத்துக் குளோரின் கம்பியில் விரிசல் விட வைக்கும்; கடைக்காரர் அதைக் கட்டாயம் கேட்பார். முத்திரையில் 750 (அதாவது 18 காரட்) என்று போட்டுச் சோதனையில் குறைவாக வந்தாலோ, ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கத்தைச் சொல்லாமல் விற்றிருந்தாலோ, அதற்குப் பழுது என்று பெயரில்லை, ஏமாற்று. ஒன்று கவனியுங்கள்: தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ரே கருவி மேல்பரப்பைத்தான் படிக்கும். கனமாகப் பூச்சு போட்ட நகை அதில் தேறிவிடும். உள்ளேயும் சோதிக்கச் சொல்லுங்கள்.

எது பழுது என்று எழுதினால், கடிதத்தில் எதை முதலில் வைக்கலாம் என்று சொல்கிறேன்.