ஊசி போட்டதும் இதயம் நின்றுவிட்டதே, டாக்டர்!

கேள்வி: என் வயது 34. போன மாதம் கடும் படபடப்பு வந்து, அவசரப் பிரிவில் அடினோசின் ஊசி போட்டார்கள். நெஞ்சை அடைத்து, செத்தேன் என்றே நினைத்தேன். மானிட்டரில் நேர்க்கோடு வந்ததாகக் கணவர் சொல்கிறார். என் இதயம் பலவீனமாகிவிட்டதா? முகம் சிவந்தது அலர்ஜியா? காபி குடிக்கலாமா? இப்போது படபடத்தால் அம்மாவின் ப்ராப்ரனலால் மாத்திரை ஒன்று போட்டுக்கொள்கிறேன். எனக்கு வீசிங் உண்டு. முன்பு ஒருமுறை படபடப்போடு மயங்கியும் விழுந்தேன்.

பதில்: அந்த ஊசியால் உங்கள் இதயம் பலவீனமாகாது. இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மின்னோட்டம் ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்திருக்கும். அடினோசின் அந்த வழியைச் சில நொடிகள் அடைக்கிறது, சுற்று அறுகிறது, இயல்பான துடிப்பு திரும்புகிறது. உங்கள் கணவர் பார்த்த நேர்க்கோடு அந்த இடைவெளிதான். ரத்தத்தில் இந்த மருந்தின் பாதி அளவு 10 நொடிக்குள் மறைந்துவிடும். அதனால்தான் 6 மில்லிகிராமை நரம்பில் சட்டென்று ஏற்றி, பின்னாலேயே சலைனையும் வேகமாகச் செலுத்துகிறோம். செத்துவிடுவோம் என்ற அந்தப் பயம் நாங்கள் நன்றாக அறிந்த பக்கவிளைவு. ஊசிக்கு முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

முகம் சிவந்தது அலர்ஜி இல்லை. காபி அளவாகக் குடிக்கலாம். இணையத்தில் 'இதயத்தை நிறுத்தும் ஊசி' என்று தேடுவதை நிறுத்துங்கள்.

ஆனால் அந்த மாத்திரையை இனி தொடவே கூடாது. வீசிங் உள்ளவருக்கு ப்ராப்ரனலால் மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். அடினோசினும் வீசிங்கைத் தூண்டலாம், அடுத்த முறை ஊசிக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள்.

கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, மயங்கி விழுந்தேன் என்று, என் கவலை அதுதான். படபடப்போடு மயக்கம் வந்தால் இந்த வாரமே இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே இதயத்தில் கூடுதலாக ஒரு மின்பாதை இருக்கும். மேலறை தாறுமாறாகத் துடிக்கும்போது அந்தப் பாதை வழியே கீழறையும் கட்டுக்கடங்காமல் ஓடினால் உயிருக்கே ஆபத்து. அந்த நிலையில் அடினோசினும் போடக் கூடாது. படபடப்பு இல்லாதபோது எடுக்கும் சாதாரண இ.சி.ஜி.யிலேயே பலருக்கு இது தெரிந்துவிடும். இருந்தால் தொடை நரம்பு வழியே மெல்லிய குழாய் செலுத்தி அந்தப் பாதையைச் சுட்டுவிடலாம், பெரும்பாலோருக்கு அதோடு தொல்லை தீர்ந்துவிடும்.

ஊசிக்கு முன் எடுத்த இ.சி.ஜி.யின் நகலையும் அந்த மருத்துவமனையில் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அதற்குள் மறுபடி மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் 108-ஐ அழையுங்கள்.