கணினி கேள்வி – பதில்: பேக்கப் கையில் இருக்கிறது, தளம் எழவில்லை

கேள்வி: சிங்கப்பூர் தேக்காவில் பூசைப் பொருள் விற்கும் எங்கள் கடைக்கு வேர்ட்பிரஸ் தளம் உண்டு. ஆர்டரும் அதில்தான் வருகிறது. யாரோ உள்ளே புகுந்து சூதாட்ட விளம்பரங்களைச் செருகிவிட்டார்கள். ஹோஸ்டிங் நிறுவனம் தரும் சிபேனல் நிர்வாகப் பக்கத்தில் எடுத்த முழு பேக்கப் (தளத்தின் முழு நகல்) இருக்கிறது. ஆனால் அதை ரீஸ்டோர் செய்ய பட்டனே காணோம். – வாசகி, ஈசூன்

பதில்: முழு பேக்கப்பை சிபேனலில் எடுக்கலாம், அங்கிருந்தே திரும்பப் போட முடியாது. அது ஹோஸ்டிங் நிறுவனம் டபிள்யூஎச்எம் (சர்வர் நிர்வாகிக்கான மென்பொருள்) வழியாகச் செய்ய வேண்டிய வேலை. ஹோம் டைரக்டரி (தளத்தின் கோப்புகள்), டேட்டாபேஸ் (கட்டுரை, ஆர்டர் பதிவாகும் தரவுத்தளம்) என்று தனித்தனியாக எடுத்திருந்தால் அதே பேக்கப் பக்கத்தில் நீங்களே ஏற்றியிருக்கலாம்.

அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தக் கோப்பை உங்கள் கணினியில் 7-ஸிப் கொண்டு விரியுங்கள். ஹோம்டிர் என்ற கோப்புறைக்குள், தளத்தின் கோப்புகள் உள்ள பப்ளிக்_எச்டிஎம்எல் கோப்புறை இருக்கும். மைஎஸ்க்யூஎல் கோப்புறைக்குள் டேட்டாபேஸ் இருக்கும்.

எதையும் தொடுவதற்கு முன், தளம் இப்போது இருக்கும் நிலையையே ஒரு பேக்கப் எடுத்து இறக்கிக்கொள்ளுங்கள். கெட்டுப்போன தளம்தானே என்று இதை விட்டுவிடாதீர்கள். நேற்று வந்த ஆர்டர் அதில்தான் இருக்கிறது.

பழைய கோப்புகளை இருப்பவற்றின் மேலேயே ஏற்றாதீர்கள். ஒரே பெயருள்ளவை மட்டும்தான் மாறும். புகுந்தவர் புதிதாக வைத்த கோப்புகள் அப்படியே தங்கிவிடும். ரீஸ்டோர் செய்த மறுவாரமே விளம்பரம் திரும்பி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஃபைல் மேனேஜரில் பப்ளிக்_எச்டிஎம்எல்லின் பெயரை மாற்றிவிட்டு, அதே பெயரில் புதுக் கோப்புறை உண்டாக்கி, பேக்கப்பில் உள்ளதை ஸிப்பாக ஏற்றி அங்கே விரியுங்கள். செட்டிங்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, புள்ளியில் தொடங்கும் எச்டிஅக்சஸ் என்ற சர்வர் அமைப்புக் கோப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். அது விடுபட்டால் முகப்பு திறக்கும், உள்பக்கங்கள் 404 (பக்கம் இல்லை) பிழை காட்டும்.

டேட்டாபேஸ் விஷயத்தில் அவசரம் வேண்டாம். அதைப் பழையதாக மாற்றினால், பேக்கப்புக்குப் பிறகு வந்த ஆர்டர் அனைத்தும் போய்விடும். விளம்பரம் கோப்புகளில் மட்டும் இருந்தால் டேட்டாபேஸை விட்டுவிட்டு, பயனர் பட்டியலில் தெரியாத நிர்வாகி யாரும் இருந்தால் நீக்குங்கள். பதிவுகளுக்குள்ளும் செருகியிருந்தால் பழையதைப் போடத்தான் வேண்டும். விடுபட்ட ஆர்டர்களை அறிவிப்பு மின்னஞ்சலைப் பார்த்துக் கையால் சேருங்கள். டேட்டாபேஸை ஏற்றும் கருவியான பிஎச்பிமைஅட்மினில் இம்போர்ட் பக்கமே அளவு வரம்பைக் காட்டும். கோப்பு பெரிதென்றால் ஜிஸிப்பாகச் சுருக்கி ஏற்றலாம்.

கடைசியாக எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி, பிளகின்களைப் புதுப்பியுங்கள். அவர்கள் நுழைந்த ஓட்டை உங்கள் பேக்கப்பிலும் இருக்கக்கூடும்.

கேள்வி: ரீஸ்டோர் செய்தபின் தமிழ்க் கட்டுரைகள் எல்லாம் கேள்விக்குறியாக நிற்கின்றன. ஆங்கிலம் சரியாக இருக்கிறது. – வாசகர், செங்காங்

பதில்: முதலில், எந்தக் கட்டுரையையும் திறந்து சேமிக்காதீர்கள். பேக்கப்பின் எஸ்க்யூஎல் கோப்பை நோட்பேட்++இல் திறந்து ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடுங்கள். தமிழ் படிக்கக் கிடைத்தால் பிழை ஏற்றிய விதத்தில்தான்: டேபிள்களை நீக்கிவிட்டு, கோப்பின் எழுத்துவகையை யூடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் முறை) என்று தேர்ந்து மறுபடி இம்போர்ட் செய்யுங்கள். கோப்பிலேயே கேள்விக்குறி என்றால் அதில் தமிழ் அழிந்துவிட்டது, வேறு பேக்கப்பைத்தான் தேட வேண்டும்.

தளத்தில் கேள்விக்குறிக்குப் பதில் தலையில் கோடு போட்ட 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வருகிறதா? அது நல்ல செய்தி. தமிழ் எழுத்தும் அதோடு சேரும் துணைக்குறியும் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். அவை தனித்தனி எழுத்தாகப் படிக்கப்படும்போது இப்படித் தெரியும். பெரும்பாலும் மீட்டுவிடலாம். வேர்ட்பிரஸின் அமைப்புக் கோப்பான டபிள்யூபி-கான்ஃபிக்கில் டிபி_சார்செட் வரி யூடிஎஃப்8எம்பி4 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: 3ஆம் தேதி இரவு 11 மணிக்குத் தளம் கெட்டது. பட்டியலில் 3ஆம் தேதி 18:00 பேக்கப் இருக்கிறது. அதைப் போடலாமா? – வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: சர்வர் யூடிசி (உலகப் பொது நேரம், சிங்கப்பூரைவிட 8 மணி நேரம் பின்) நேரத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அந்த 18:00 நமக்கு 4ஆம் தேதி விடியற்காலை 2 மணி. கெட்ட பிறகு எடுத்தது. அதற்கு முந்தையதை எடுங்கள்.

ஏற்றிய பேக்கப் கோப்பை பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்குள்ளேயே மறந்துபோய் விட்டுவைக்காதீர்கள். பெயரை ஊகிப்பவர் எவரும் இறக்கிக்கொள்ளலாம். 500 அல்லது அதற்கு மேற்பட்டோரின் தனிநபர் விவரம் வெளியானால், அறிவிக்க வேண்டிய கசிவு என்று கண்டறிந்த 3 நாள்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிப்பது இங்கே சட்டக் கடமை.