பழங்கதையைச் சொல்ல வீடியோ கலைஞர்கள் ஏன் பொம்மைகளைத் தேடுகிறார்கள்? நடிகர்கள் போதாதா?

நடிகர் வந்தாலே அவர் முகம் நமக்கு ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடும்: இவன் நல்லவன், இவன் வில்லன் என்று. பொம்மைக்கு அந்தச் சுமை இல்லை. என் பார்வையில் முதல் காரணம் இதுதான்.

எகிப்தியக் கலைஞர் வாயெல் ஷவ்கியின் ‘காபரே குருசேட்ஸ்’ (2010–2015) இதற்கு நல்ல உதாரணம். புராணமாகவே உறைந்துபோன சிலுவைப் போர்களை, அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்த பக்கத்திலிருந்து சொல்லும் மூன்று படங்கள் அவை. முதல் படத்தில் நடிப்பவை சுமார் 200 ஆண்டுப் பழைய இத்தாலிய மரப் பொம்மைகள். இரண்டாவதில் சுட்ட களிமண் பொம்மைகள். மூன்றாவதில், வெனிஸ் அருகே உள்ள முரானோ தீவின் கண்ணாடிப் பொம்மைகள்.

அந்தக் கண்ணாடிப் பொம்மைகளை நெருங்கிப் பாருங்கள். உடலுக்குள் ஊடுருவும் வெளிச்சம், அசையும்போது எழும் மெல்லிய ‘கிணுங்’ ஓசை. எந்த நொடியும் உடையலாம் என்ற பதற்றம் நமக்கே வருகிறது. படுகொலைக் காட்சியில் ரத்தத்தைவிட அந்தப் பதற்றம்தான் என்னை உலுக்குகிறது.

பொம்மைகளை ஆட்டும் கயிறுகளை ஷவ்கி மறைப்பதில்லை. போப்பும் சுல்தானும் ஒரே மாதிரி கயிற்றில் தொங்குகிறார்கள், எல்லோரும் செந்நெறி அரபியில் பேசுகிறார்கள். ஆட்டுவிப்பவர் யார் என்ற கேள்வியைக் கயிறே கேட்டுவிடுகிறது, வசனம் தேவையில்லை.

2023-இல் வெளிவந்த ஒரு படத்தில், எரிமலையில் புதைந்த பழைய ரோம நகரான பொம்பெயியின் இடிபாடுகளுக்குள் அவரே கிரேக்கப் புராணங்களைப் படமாக்கினார். அங்கே பொம்மைக்குப் பதில் முகமூடி அணிந்த மனிதர்கள். முகத்தை மூடும் அந்த உத்தி அங்கேயும் தொடர்கிறது.