எதிர் ஸ்டேஷன் மணி

அன்புள்ள ஐயா,

போன வாரம் மனைவி, மகளோடு சென்னையிலிருந்து டெல்லி போனேன். இறங்க அரைமணி நேரம் இருக்கும்போது, மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்த விமானம் திடீரென்று மேலே ஏறியது. பக்கத்து சீட் பாட்டி “முருகா முருகா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பத்து நிமிடம் கழித்துத்தான் விமானி, இன்னொரு விமானம் அருகே வந்ததால், மோதலைத் தடுக்கும் கருவி சொன்னபடி உயரத்தை மாற்றியதாக அறிவித்தார். உடனே சொல்லியிருக்க வேண்டாமா? மேகத்தில் அதற்கு எப்படித் தெரிந்தது? தப்பு யாருடையது? இத்தனை உயிர்களை ஒரு கருவியை நம்பி விடலாமா? டிசம்பரில் மறுபடி போக வேண்டும். மகள் வர மாட்டேன் என்கிறாள்.

கே.

அன்புள்ள கே.,

பயந்தது சரிதான் என்று மகளிடம் சொல்லுங்கள். “ஒண்ணுமில்லம்மா” என்று மட்டும் சொல்லாதீர்கள். குழந்தைகளுக்கு அந்தப் பொய் தெரியும். டிக்கெட் போட்டுவிடுங்கள்.

“உடனே சொல்லியிருக்க வேண்டாமா?” என்ன கேள்வி சார் இது? “ட்ராஃபிக், ட்ராஃபிக்” என்று எச்சரித்த அந்தக் கருவியின் குரல் “க்ளைம்ப், க்ளைம்ப்” என்று மாறும்போது விமானியிடம் மிஞ்சுவது இருபது, இருபத்தைந்து வினாடி. ஐந்து வினாடிக்குள் விமானத்தைத் தூக்க ஆரம்பிக்க வேண்டும். நிமிடத்துக்கு 1,500 அடி என்றால் வினாடிக்கு 25 அடி. பதினைந்து வினாடியில் 375 அடி, கிட்டத்தட்ட இரண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம். அந்த இடைவெளியைச் சம்பாதிக்கும் நேரத்தில் மைக்கை எடுத்து உங்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டுமா? அது முடிந்தாலும் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும், பழைய உயரத்துக்குத் திரும்ப வேண்டும். உங்கள் முறை கடைசியில்தான்.

தப்பு யாருடையது என்பதை விசாரிப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மேகமும் பொருட்டல்ல. கருவி எதிர் விமானத்தின் டிரான்ஸ்பாண்டரிடம், அதாவது ரேடியோவில் தானாகப் பதில் சொல்லும் பெட்டியிடம், கேள்வி கேட்கிறது. பதிலில் உயரம் வருகிறது, பதில் வர ஆகும் நேரத்தில் தூரம் தெரிகிறது. 1996 நவம்பர் 12 அன்று, நீங்கள் இறங்கிய அதே டெல்லிக்குப் பக்கத்தில், சர்க்கி தாத்ரிக்கு மேலே சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் போனார்கள். சவுதி விமானத்துக்கு 14,000 அடி, கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி என்று சொல்லியிருந்தார்கள். இரண்டாவது அதற்கும் கீழே இறங்கிவிட்டது. இரண்டிலும் இந்தக் கருவி இல்லை.

நான் நின்றது “ஒரு கருவியை நம்பி” என்ற இடத்தில். ஒரு கருவி இல்லை, இரண்டு. உங்கள் விமானம் “நான் மேலே” என்று முடிவு செய்ததும் எதிர் விமானத்தின் கருவிக்கு அது போய்ச் சேர்கிறது. “கீழே” என்பதுதான் அதற்கு மிச்சம்.

என் அப்பா தென்காசிப் பாதையில், மீட்டர் கேஜ் காலத்தில், ஒரு சின்ன ஸ்டேஷனில் மாஸ்டர். ஒற்றைத் தண்டவாளம். அவர் அறையில் சிவப்புப் பெட்டி ஒன்று இருக்கும், அடுத்த ஸ்டேஷனில் அதன் ஜோடி. மணியடித்து அந்தப் பக்கத்து மாஸ்டர் சம்மதித்தால்தான் இந்தப் பெட்டியிலிருந்து உலோகப் பந்து விழும். அதுதான் ரயில் போக அனுமதி. ஒரு பந்து வெளியே இருக்கும்வரை இரண்டு பெட்டியிலும் இன்னொன்று விழாது. பந்தைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, ஓடும் எஞ்சினுக்கு நீட்டுவார்கள். டிரைவர் அதில் கையை நுழைத்து வாங்கிக்கொண்டு போவார். சின்ன வயதில் அந்த வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அடி வாங்கியிருக்கிறேன்.

ஒரு மழை ராத்திரி பந்து விழவில்லை. எதிர் ஸ்டேஷன் மாஸ்டர் அப்பாவின் சிநேகிதர். ஃபோனில், “லைன் காலியாத்தான் கிடக்கு, அனுப்புங்க அண்ணாச்சி” என்றார். அப்பா அனுப்பவில்லை. சம்மதத்துக்கு அடையாளமாக அவரிடம் பிரைவேட் நம்பர் வாங்கி, பந்துக்குப் பதிலாக பேப்பர் லைன் கிளியர் என்ற அனுமதிச் சீட்டு எழுதி, முக்கால் மணி நேரம். டிரைவர் திட்டினார், பயணிகள் திட்டினார்கள். கடைசியில் லைன் காலியாகத்தான் இருந்தது. பெட்டியில்தான் கோளாறு.

2002 ஜூலை 1, ஜெர்மனியில் உபர்லிங்கன். இரவு, தெளிவான வானம். உங்கள் மேகம் அங்கே இல்லை. ரஷ்ய விமானத்தில் பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஸ்பெயினுக்கு விடுமுறைக்குப் போகிறார்கள். எதிரே ஒரு சரக்கு விமானம். ஜூரிக் கட்டுப்பாட்டு அறையில் ஒரே ஆள் இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைபேசி இணைப்பும் பழுதுபார்ப்பில். அவர் ரஷ்ய விமானத்தை “இறங்கு” என்றார். ஏழு வினாடியில் கருவி “ஏறு” என்றது. துணை விமானி அதை எடுத்துச் சொல்லவும் செய்தார். ஆனால் அறையிலிருந்து வந்தது மனிதக் குரல், அவர்கள் அதைக் கேட்டு இறங்கினார்கள். எதிர் விமானம் தன் கருவி சொன்னபடி, அதுவும் இறங்கியது. 71 பேர். அந்த ஜூரிக் அறைக்காரரும் ஏமாற்ற நினைக்கவில்லையே, கே. தன் திரையில் தெரிந்ததைச் சொன்னார். அவருக்குத் தெரியாதது, எதிரே வருகிறவனிடம் அவன் கருவி என்ன சொல்லியிருக்கிறது என்பது. அது அந்த இரண்டு கருவிகளுக்கு மட்டும்தான் தெரியும். யார் சொல்வதைக் கேட்பது என்று விதியில் அப்போது இருந்த குழப்பத்தை அப்புறம்தான் நீக்கினார்கள்: கருவி சொன்னால் கருவிதான், கட்டுப்பாட்டு அறை வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

நீங்கள் நம்பியது, முகம் தெரியாத இன்னொரு விமானி அதே வினாடியில் தனக்கு வந்த கட்டளைக்குக் கீழ்ப்படிவான் என்பதை. அவனும் உங்கள் விமானியை அப்படித்தான் நம்பினான்.

அப்பா ரிட்டயரான அன்று அந்தச் சிநேகிதர் வந்திருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் எல்லார் முன்னாலும் கேட்டார், “அன்னிக்கு நான் சொன்னது சரிதானே அண்ணாச்சி?”

“சரிதான்,” என்றார் அப்பா. “பாயசம் இன்னும் கொஞ்சம் வாங்கிக்க.”