குட்டிகளின் கழிச்சலுக்குப் புழு மருந்து ஏன் கேட்கவில்லை?

கேள்வி: இரண்டு மாத வயதுள்ள எங்கள் வெள்ளாட்டுக் குட்டிகள் சில, மழை தொடங்கியதிலிருந்து சளியும் இரத்தமும் கலந்து கழிகின்றன, முக்கிக்கொண்டே நிற்கின்றன. அல்பெண்டசோல் கொடுத்தும் பயனில்லை. தாய் ஆடுகள் நலமாக உள்ளன. வேறு புழு மருந்து மாற்றிக் கொடுக்கலாமா?
– வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்லும் வயதையும் அறிகுறிகளையும் பார்த்தால், இது பெரும்பாலும் ஐமீரியா என்னும் ஓரணு ஒட்டுண்ணியால் வரும் இரத்தக் கழிச்சல் நோயாக இருக்கும். அது புழு அல்ல என்பதால், அல்பெண்டசோல், ஐவர்மெக்டின் போன்ற எந்தக் குடற்புழு நீக்க மருந்தும் அதை ஒன்றும் செய்யாது. சல்பா வகை மருந்துகள், ஆம்ப்ரோலியம், டோல்ட்ராசுரில் ஆகியவையே இதற்குக் கொடுக்கப்படுகின்றன. எது, எவ்வளவு என்பதைக் குட்டியின் எடையைப் பார்த்துக் கால்நடை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஆம்ப்ரோலியத்தை அளவுக்கு மீறி நெடுநாள் கொடுத்தால், தயமின் (வைட்டமின் பி1) சத்துக் குறைந்து குட்டியின் மூளை பாதிக்கப்படும். மருந்தைவிட முதலில் உயிரைக் காப்பது உப்புச் சர்க்கரைக் கரைசல்தான், பாலையும் நிறுத்தாதீர்கள்.

புழுக்கையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஆனால் அதன் முடிவை மட்டும் நம்ப முடியாது: நலமான ஆட்டின் புழுக்கையிலும் இந்த ஒட்டுண்ணியின் முட்டைகள் இருக்கும், நோயுற்ற குட்டியிலோ, முட்டைகள் வெளிவரத் தொடங்கும் முன்பே குடல் சுவர் சிதைந்து கழிச்சல் கண்டிருக்கலாம். ஆட்டுக்கொல்லி என்னும் வைரஸ் நோயும் துள்ளுமாரி என்னும் குடல் நச்சு நோயும் இதே போலக் கழிச்சலைத் தருவதால், காய்ச்சலோ வாய்ப்புண்ணோ தென்பட்டாலும், குட்டி திடீரென இறந்தாலும் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.

உங்கள் தாய் ஆடுகள் சிறு வயதிலேயே தொற்றைக் கண்டு எதிர்ப்பாற்றல் பெற்றவை. நோயின்றியே முட்டைகளை வெளியேற்றும். அந்த முட்டைகள் ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள தரையில் சில நாள்களில் தொற்றும் நிலைக்கு முதிர்ந்து, தாயின் அழுக்கான மடி வழியாகவும், குட்டிகள் மிதிக்கும் தீவனத் தொட்டி வழியாகவும் வயிற்றுக்குள் போகின்றன. சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு அவை எளிதில் அழிவதில்லை. வெயிலும் உலர்வுமே அவற்றுக்கு எமன். ஆகவே ஈரப் படுக்கையை அள்ளிவிட்டுச் சுட்ட சுண்ணாம்பு தூவி உலர விடுங்கள். தொட்டியையும் தண்ணீரையும் குட்டி ஏற முடியாத உயரத்தில் வையுங்கள். இயன்றால், புழுக்கை கீழே விழும்படி இடைவெளி விட்டு உயரமாக அமைத்த தளமுள்ள பரண் கொட்டகைக்கு மாறுங்கள். கழியாத உடன்குட்டிகளுக்கும் சிகிச்சை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: கோழிகளும் அதே கொட்டகையில் அடைகின்றன. அவற்றிடமிருந்து தொற்றியிருக்குமா?

பதில்: இல்லை. கோழியின் ஐமீரியா இனங்கள் வேறு, ஆட்டினுடையவை வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவதில்லை. இருந்தாலும் கோழி எச்சம் தீவனத்தில் விழுவது நல்லதல்ல. கோழிகளைத் தனியே அடையுங்கள்.