15-க்கு 15 வாங்கியவருக்கு ஏன் இவ்வளவு கோபம்?

(நரம்பியல் அறுவை வார்டில் பணியாற்றி ஓய்வுபெற்ற தலைமைச் செவிலியர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. நான்கு மாதங்களுக்கு முன் பைக் விபத்தில் தலையில் பலத்த அடி. மண்டை ஓட்டின் ஒரு பகுதியை எடுத்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் பத்திரப்படுத்தி ஆபரேஷன் செய்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஜி.சி.எஸ். 15/15' என்று இருக்கிறது. நடக்கிறார், தானே சாப்பிடுகிறார். ஆனால் சாயங்காலமானால் ஒன்றுமில்லாததற்கெல்லாம் கோபம். மகனைக் கை நீட்டி அடித்துவிடுகிறார். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். "முழு மார்க் போட்டுத்தானே அனுப்பினார்கள், வேலைக்குப் போகச் சோம்பல்" என்கிறார் மாமியார். இவர் பழையபடி ஆவாரா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: இந்தப் பக்கத்தை முதலில் உங்கள் மாமியாருக்குப் படித்துக் காட்டுங்கள், அம்மா. சீட்டில் இருக்கும் 'ஜி.சி.எஸ்.' (கிளாஸ்கோ கோமா ஸ்கேல்) என்பது, அடிபட்டவருக்குச் சுயநினைவு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, 1974-இல் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த கணக்கு. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6. வார்டில் கட்டிலருகே போய், "உங்கள் பெயர் என்ன? இது எந்த இடம்? கையைத் தூக்குங்கள்" என்று கேட்போம். பதில் வராவிட்டால் நகக்கண்ணில் பேனாவை வைத்து அழுத்திப் பார்ப்போம். கண்ணைத் திறந்து, சரியாகப் பதில் சொல்லி, சொன்னபடி கையைத் தூக்கிவிட்டால் 15 வந்துவிடும். பொறுமைக்கும் ஞாபகத்துக்கும் கோபத்தை அடக்குவதற்கும் அதில் மார்க்கே கிடையாது.

இவற்றைக் கவனித்துக்கொள்வதில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைக்குப் பெரிய பங்கு உண்டு. வண்டியிலிருந்து விழும்போது அடிக்கடி அடிபடுவதும் அந்தப் பகுதிதான். நுண்ணிய நரம்பிழைகள் அறுந்திருந்தால் சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. உங்கள் கணவர் சோம்பேறி ஆகிவிடவில்லை, அவர் இன்னும் நோயாளி. இதை வீட்டாரிடம் உட்கார்ந்து விளக்க எங்கள் வார்டுகளில் நேரம் ஒதுக்குவதில்லை. தையல் பிரித்தாயிற்று, மாத்திரை கொடுத்தாயிற்று, அடுத்தவருக்குக் கட்டில் வேண்டும். மீதியை எல்லாம் மனைவியோ தாயோ தனியாகப் பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது.

சாயங்காலம் கோபம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடிபட்ட மூளை சீக்கிரம் களைத்துப்போகும். மதியம் ஒரு மணி நேரம் படுக்க வையுங்கள். அவர் இருக்கும் அறையில் டி.வி.யும் பேச்சும் ஒன்றாக ஓட வேண்டாம். கோபம் ஏறும்போது எதிர்வாதம் செய்யாமல், மகனை அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். அவர் அடிப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். மனநல மருத்துவரும் பார்க்கட்டும்; மருந்தால் தணியக்கூடிய கோபமும் உண்டு.

அடுத்தது அந்த எலும்பு. வார்டில் தலைக்கட்டின் மேலேயே 'எலும்பு இல்லை' என்று பேனாவால் எழுதி வைப்போம், யாரும் அந்தப் பக்கம் அழுத்திவிடக் கூடாது என்பதற்காக. வீட்டிலும் அந்த எச்சரிக்கை வேண்டும். வீக்கம் வடிந்து, சீழ் இல்லாமல் இருந்தால் பொதுவாகச் சில மாதங்களில் எலும்பைத் திரும்பப் பொருத்துவார்கள். நான்கு மாதம் ஆகிவிட்டது, நீங்களே போய்க் கேளுங்கள். அந்த இடம் குழிந்து கிடப்பதாலேயே சிலருக்குத் தலைவலியும் மந்தமும் வருவதுண்டு. எலும்பு வைத்தபின் அவர்கள் தெளிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பழையபடி ஆவாரா என்றால், முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகும் ஓரிரு ஆண்டுகள் மெதுவாகத் தொடரும். கொஞ்சம் மிச்சம் நின்றுவிடவும் கூடும். பொய் நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. வலிப்பு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். மது கூடவே கூடாது, டாக்டர் அனுமதிக்கும்வரை பைக்கும் கூடாது. தலைவலி ஏறி வாந்தி வந்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினால் எழாமல் தூங்கினாலோ, எலும்பில்லாத இடம் புடைத்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். உடற்பயிற்சி சிகிச்சைக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருவார்கள்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

ஒரு நோட்டில் தூக்கம், கோபம் வந்த நேரம், மறந்த விஷயங்கள் ஆகியவற்றைத் தினமும் இரண்டு வரி எழுதி, அடுத்த முறை ஓ.பி.க்குக் கொண்டுபோங்கள். அவர் முன்னால் சொல்லத் தயக்கமாக இருந்தால், நோட்டை டாக்டர் கையில் கொடுத்துவிடுங்கள்.