பாணந்துறைக் குரங்கும் வெயிலில் நின்ற சோலரும்

அன்பின் தம்பிக்கு,

2025 பெப்ரவரி 9, ஞாயிறு பகல், இலங்கை முழுக்கக் கரண்ட் போனது. எங்கள் தொடர்மாடியில் லிப்டும் நின்றது, தண்ணி மோட்டரும் நின்றது. ஆறாம் மாடியில் அம்மா, எண்பது வயது. பாணந்துறையில் ஒரு குரங்கு செய்த வேலை என்றார்கள். ஒரு குரங்கால் முழு நாடும் நிற்குமா? தங்கச்சி வீட்டுக் கூரையில் சோலர் இருக்கிறது. நல்ல வெயில். அதுவும் வேலை செய்யவில்லையே, ஏன்?

வாசகி ஒருவர், வெள்ளவத்தை

அன்பின் அக்கா,

சோலரை முதலில் சொல்லிவிடுகிறேன். கூரைச் சோலரின் மின்சாரத்தை வீட்டுப் பாவனைக்கு மாற்றும் கருவிதான் இன்வேட்டர். அவற்றில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வரும் மின் கம்பியில் கரண்ட் இருந்தால்தான் இயங்கும். இல்லாவிட்டால் தானாக நின்றுவிட வேண்டும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பியில் கைவைக்கும் ஊழியரின் உயிர் அதில் இருக்கிறது. பற்றறியும், வீட்டைக் கம்பியிலிருந்து பிரித்துவிடும் ஏற்பாடும் இருந்தால் மட்டுமே உள்ளே விளக்கு எரியும். சோலர் பூட்டும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இனிக் குரங்கு. குரங்கோ காகமோ தென்னோலையோ எந்த நாட்டிலும் கம்பியில் படும். பாணந்துறையில் வந்த பழுது பாணந்துறையோடு ஏன் நிற்கவில்லை என்பதுதான் கேள்வி.

அன்று ஞாயிறு. கந்தோர்களும் தொழிற்சாலைகளும் பூட்டு. மின் தேவை குறைவு. வெயிலோ உச்சம், சோலர் நிறையத் தந்துகொண்டிருந்தது. அதனால் மின் நிலையங்களில் சுழன்றுகொண்டிருந்த பெரிய இயந்திரங்கள் குறைவு. நம் மின்சாரம் விநாடிக்கு 50 தடவை அலைபோல ஏறி இறங்குகிறது; அதுதான் மீடிறன், 50 ஹேட்ஸ். அது தடுமாறினால் இயந்திரங்கள் தம்மைக் காக்கக் கழன்றுகொள்ளும். பாரமான சுழலிகள் நிறையச் சுற்றினால், ஓரிடத்தில் அடி விழுந்தாலும் அவற்றின் சடத்துவம், அதாவது சுற்றுவது சட்டென நிற்காத தன்மை, மீடிறனைச் சில விநாடி தாங்கும். அந்தச் சில விநாடிக்குள் மற்ற நிலையங்கள் கைகொடுக்கும். சோலருக்கு அந்தப் பாரம் இல்லை. அன்று தாங்க ஆளில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் கழன்றன. நுரைச்சோலையின் மூன்று 300 மெகாவாட் இயந்திரங்களும் நின்றன. நிலக்கரி நிலையத்தை நினைத்தவுடன் எழுப்ப முடியாது. அடுத்த நாட்களில் ஒன்றரை மணிநேர மின்வெட்டு வந்தது அதனால்தான். இந்தியாவோடு நமக்கு மின் இணைப்பும் இல்லை. விழுந்தால் நாமே எழ வேண்டும்.

2022இல் பதின்மூன்று மணிநேரம் இருட்டில் இருந்தோமே, அது வேறு நோய். அப்போது எரிபொருள் வாங்க டொலர் இல்லை.

எனக்கு மனம் பொறுக்காதது அதே 2025 ஏப்ரலில் நடந்தது. புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலரைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டது. காரணம் அதேதான்: தேவை குறைவு, வெயில் அதிகம். அந்த நேரத்தில் கேட்டது பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் பகலில் இலவச வெயிலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பொழுதுபட்டபின் டொலர் கொடுத்து வாங்கிய எண்ணெயை எரிக்கிறோம். மின் கட்டமைப்பிலேயே பெரிய பற்றறிகள் வேண்டும். பகல் மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி இரவில் இறக்கும் நீர்மின் நிலையம் வேண்டும். மகா ஓயாவில் அப்படியொன்று கட்டுவது பல வருடமாகப் பேச்சாகவே இருக்கிறது. கூரைகளுக்கு அனுமதி கொடுத்த வேகத்தில் இவற்றையும் செய்திருக்க வேண்டும்.

அதுவரை நீங்கள் ஒன்று செய்யலாம். தொடர்மாடிக் கூட்டத்தில், ஜெனறேற்றரில் தண்ணி மோட்டரும் ஒரு லிப்டும் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் நடைபாதை விளக்கு மட்டும்தான் இருக்கும். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.